கைப்பேசிவிடு தூது: ஒரு புள்ளியியல் ஆய்வு

தூது போகத் தக்கவை என்று நம் புலவர்கள் பத்தை வரிசைப்படுத்தி வைத்திருக்கிறார்கள்: அன்னம், மயில், கிளி, மேகம், மைனா, தோழி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு. பின்னால் வந்தவர்கள் கையைத் தாராளமாக விட்டார்கள். நெல்லை அனுப்பினார்கள், பணத்தை அனுப்பினார்கள், தமிழையே அனுப்பினார்கள். சீனிச்சர்க்கரைப் புலவர் புகையிலையை அனுப்பினார். இத்தனை பேர் இத்தனை தூது விட்டும், தூது போகிற பொருளை எந்த விரலால், எவ்வளவு நேரம் தொட வேண்டும் என்று ஒருவரும் எழுதிவைக்கவில்லை. வண்டை அனுப்பிய தலைவி அதை ஒருமுறை அழுத்திப் பார்த்திருந்தால் இந்தக் கேள்வி அன்றைக்கே எழுந்திருக்கும். நமக்கு ஒரு நூலும் குறைந்திருக்கும்.

அந்தக் குறையை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். முதியோருக்கு ஸ்மார்ட்போனில் மெசேஜ் அனுப்பக் கற்பிக்கும்போது எழும் சிக்கல்கள் இங்கே முதன்முறையாகத் தமிழ் மரபு நின்று ஆராயப்படுகின்றன. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மாதிரி இருவர். ஒருவர் என் அம்மா, வயது 71, திருமங்கலம். மற்றவர் அம்மாவின் அண்ணன், என் பெரிய மாமா, வயது 83, மதுரை. மாதிரி சிறியது என்று சொல்லக்கூடியவர்கள், இந்த இருவரில் ஒருவருக்காவது அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்து பேசட்டும். ஆய்வுக் காலம் மூன்று ஆண்டு. நிதியுதவி, மாதாந்திர ரீசார்ஜ் வடிவில், ஆய்வாளரே.

முன்னாய்வுகள்

உலகின் முதல் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3ஆம் தேதி இங்கிலாந்தில் போயிற்று. நீல் பாப்வொர்த் என்ற 22 வயதுப் பொறியாளர், வோடஃபோன் நிறுவனத்து ரிச்சர்ட் ஜார்விஸுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினார். நம் ஆய்வுக்கு வேண்டிய இரண்டு நுணுக்கங்கள் இதில் உண்டு. அனுப்பியவர் போனிலிருந்து அனுப்பவில்லை, கம்ப்யூட்டரில் அடித்தார். வாங்கியவர் பதில் போடவில்லை, அவர் கையிலிருந்த கருவியில் எழுதும் வசதியே கிடையாது. ஆக, குறுஞ்செய்தி பிறந்த அன்று சம்பந்தப்பட்ட இரண்டு பேரில் ஒருவர்கூடப் போனில் மெசேஜ் அனுப்பவில்லை. பாட்டியைக் கேலி செய்துகொண்டிருந்த என் மகளிடம் இதை எடுத்துச் சொன்னேன். "அவங்களுக்கு வசதி இல்ல. பாட்டிக்கு இருக்குல்ல?" என்றாள். ஆய்வாளர்களை மதிக்காத தலைமுறை.

ஒரு செய்திக்கு 160 எழுத்து என்ற கணக்கு அதற்கும் முந்தியது. 1985இல் ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லிபிராண்ட் என்ற ஜெர்மானியர் டைப்ரைட்டர் முன் உட்கார்ந்து, தோன்றிய வாக்கியங்களையெல்லாம் அடித்து, எழுத்தையும் இடைவெளியையும் எண்ணிப் பார்த்தார். அநேகமாக எல்லாமே 160க்குள் அடங்கிவிட்டன. மனிதனுக்கு இவ்வளவு போதும் என்று முடிவு கட்டிவிட்டார். அவர் அடித்த வாக்கியம் எதிலும் "சாப்பிட்டியா, என்ன குழம்பு, யார் வச்சா" என்ற தொடர் கேள்வி இருந்திருக்க வாய்ப்பில்லை.

தமிழுக்கு அந்த 160உம் கிடையாது, 70தான். ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 7 பிட் போதும். யூனிகோடு தமிழுக்கு ஓர் இடத்துக்கு 16 பிட் வேண்டும். அதிலும் நாம் ஓர் எழுத்து என்று நினைப்பதைக் கருவி இரண்டாக எண்ணும். 'வந்துட்டேன்' என்பது நமக்கு 6 எழுத்து, கருவிக்கு 11. கொம்பு தனி, சுழி தனி, புள்ளி தனி. மெய்யெழுத்தின் தலையில் தலைமுறை தலைமுறையாக நாம் இனாமாக வைத்துவந்த புள்ளிக்கு இடவாடகை வாங்கியது இந்தக் கருவிதான். பக்தியோடு 'ஸ்ரீ' போட்டுத் தொடங்கினால் அதற்கே 4 போய்விடும். வாட்ஸ்அப் வந்த பிறகு இந்தக் கணக்கெல்லாம் தளர்ந்துவிட்டது. இருந்தாலும் புள்ளி என்ற சொல்லை வாசகர் மனதில் ஓர் ஓரமாகப் போட்டு வைக்க வேண்டும். கட்டுரை அதன் மேல்தான் நிற்கப் போகிறது.

முதியோருக்கு மெசேஜ் அனுப்பக் கற்பிப்பது பற்றிய தமிழ் முன்னாய்வு ஒன்றும் என் வீட்டு அலமாரியில் இல்லை.

குற்றழுத்தமும் நெட்டழுத்தமும்

தொல்காப்பியர் எழுத்தின் ஒலியை மாத்திரையால் அளந்தார். கண் இமைக்கும் நேரம், அல்லது விரல் நொடிக்கும் நேரம், ஒரு மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. வாயால் சொல்லும் எழுத்தை அளக்க அவர் எதற்காக விரலைக் கூப்பிட்டார்? தொடுதிரையை மனதில் வைத்தே கூப்பிட்டார் என்பது இவ்வாய்வின் துணிபு. மறுப்போர் வேறு காரணம் காட்டட்டும்.

போன் திரைக்குத் தெரிந்த அடிப்படைச் சொற்கள் இரண்டு. தொட்டு எடுத்தால் ஒன்று, தொட்டபடியே இருந்தால் இன்னொன்று. நடுவே எல்லைக்கல் ஏறத்தாழ அரை நொடியில் நடப்பட்டிருக்கிறது. கல்லுக்கு இந்தப் பக்கம் குற்றழுத்தம், அந்தப் பக்கம் நெட்டழுத்தம். குற்றழுத்தம் திறக்கும், அனுப்பும், பதில் போடும். நெட்டழுத்தம் தேர்ந்தெடுக்கும், பெயர்க்கும், அழிக்கும். இரண்டும் வேறு வேறு பொருள் தரும் வினைகள். 'கல்'லும் 'கால்'உம் போல.

இனி, எழுபதைத் தாண்டியவர் விரலில் குறில் கிடையாது. இது குறை அல்ல, வளர்ந்த விதம். காலிங் பெல், டார்ச் லைட், டேப் ரெக்கார்டர், மிக்சி என்று அழுத்தினால்தான் வேலை நடக்கும் உலகத்தில் அவர்கள் வாழ்ந்திருக்கிறார்கள். ரிமோட்டில் பேட்டரி தீர்ந்துபோனால் இன்னும் பலமாக அழுத்த வேண்டும் என்பது எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக இருந்துவரும் நம்பிக்கை. நானும் அழுத்துவேன்.

உடற்கூறும் ஒத்துழைப்பதில்லை. இந்தத் திரைக்கு விரலின் பலம் தெரியாது. விரல் பட்டால் அந்த இடத்தில் மின்னேற்றம் மாறுகிறதே, அதைத்தான் அறியும். வயதானவர் விரல்நுனி வறண்டு இருக்கும். அம்மாவின் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் ஐம்பது வருடப் பாத்திரப் புளியும் அரிவாள்மனையும் ஏற்றிய காய்ப்பு வேறு இருக்கிறது. அந்த விரலுக்குத் திரை சில சமயம் கண்ணே திறக்காது. திறக்காததால் அம்மா அழுத்துவாள். அழுத்தும்போது விரற்சதை பரவித் தொடும் பரப்பு கூடும். திரை விழித்துக்கொள்ளும். ஆனால் விரல் அங்கேயே நிற்கும், எல்லைக்கல் தாண்டிவிடும், குறில் கேட்ட இடத்தில் நெடில் விழுந்துவிடும்.

அம்மாவின் அழுத்தத்தை நெடில் என்பதுகூடக் குறைத்துச் சொல்வதுதான். அது அளபெடை. செய்யுளில் ஓசை குறைகிற இடத்தில் நெடில் இன்னும் நீண்டு இட்டு நிரப்பும். நம்பிக்கை குறைகிற இடத்தில் அம்மாவின் விரல் நீண்டு நிரப்பும்.

விளைவுகளைக் களக்குறிப்பிலிருந்து தருகிறேன். ஒருநாள் "வாட்ஸ்அப் என் கையோட வந்துருச்சு தம்பி" என்று அம்மா அழைத்தாள். உண்மையிலேயே வந்திருக்கிறது. படத்தை அளபெடுத்ததும் அது இடத்தைவிட்டுப் பெயர்ந்து விரலோடு ஒட்டிக்கொள்ள, பதறிப்போய் அதை மேலே கொண்டுபோய் விட்டிருக்கிறாள். மேலே எழுதியிருந்தது 'அகற்று'. இன்னொரு நாள் நான்கு வரி எழுதி முடித்து, கடைசிச் சொல்லில் ஒரு பிழை. அழிக்கும் விசையில் விரலை வைத்தாள், வைத்தபடி நிறுத்தினாள். பிழை போயிற்று. பிறகு அந்த வரி போயிற்று. பிறகு மற்ற மூன்றும் போயின. "கடுதாசியில ஒரு எழுத்தை அடிச்சா ஒரு எழுத்துதானப்பா அடிபடும்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் தம்பிக்கு என் மகளின் மார்க் ஷீட் போய்ச் சேர்ந்ததும் இந்த வழியில்தான். அவர் "வாழ்த்துகள் அம்மா" என்று பதில் போட்டிருந்தார். கணக்கில் மார்க் கொஞ்சம் குறைவுதான். அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நல்ல பிள்ளை.

இதற்கு மருந்து கருவிக்குள்ளேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனின் அமைப்புகளில், அணுகல்தன்மை என்ற பகுதிக்குள் போனால், தொட்டுப் பிடிக்கும் நேரத்தை நீளமாக்கிக்கொள்ளலாம். எல்லைக்கல்லைப் பிடுங்கித் தள்ளி நடுவது போல. அந்த அறைக்குள் நான் போய்ச் சேர்ந்தது ஒன்றரை வருடம் கழித்து. மாற்றினேன், பாதி குணமாயிற்று. மீதிப் பாதிக்குக் காரணம், அம்மாவின் அளபெடை தள்ளி நட்ட கல்லையும் சிரமமில்லாமல் தாண்டியது.

தொலைதூரக் கல்வி

நான் சென்னையில் இருக்கிறேன், அம்மா திருமங்கலத்தில். போனைப் பற்றிய பாடம் அந்தப் போன் வழியாகவே போக வேண்டியிருந்தது. காதில் வைத்தால் திரை தெரியாது. முகத்தருகே வந்தாலே திரை அணைந்துவிடுகிற மாதிரி ஓர் உணரியை வேறு பதித்து வைத்திருக்கிறார்கள். கண்ணுக்கு நேரே வைத்தால் நான் பேசுவது கேட்காது. ஸ்பீக்கரைப் போடச் சொல்லலாம். ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது என்று நான் சொல்வதைக் கேட்கக் காதில் வைக்க வேண்டும். வைத்தால் திரை அணைந்துவிடும். தர்க்க நூலார் இதை அன்னியோன்னியாசிரயம் என்பர். அம்மா இதை "நீ சொல்றது ஒண்ணும் தெரியல" என்பாள். கேட்கவில்லை என்று சொல்லவில்லை, தெரியவில்லை என்றாள். அதில் ஒரு துல்லியம் இருந்தது.

ஒருவழியாக ஸ்பீக்கர் வந்த பிறகு நடந்த முதல் பாடத்தை அப்படியே தருகிறேன்.

"மேல, வலது கைப் பக்கம், மூணு புள்ளி தெரியுதாம்மா?"

"ஆய்த எழுத்தா?"

"ஆய்தம் இல்ல. ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு."

"அது எப்படி ஆய்தமாகும்?"

"ஆகாது. நீதான் ஆய்தம்னு சொன்ன."

"நீதானப்பா மூணு புள்ளின்ன."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு 'நிமிர்ந்த ஆய்தம்' என்று பெயர். கலைச்சொல் ஆக்குவோர் கவனிக்கலாம். இதைவிட நல்ல சொல் அவர்களுக்குக் கிடைக்கப் போவதில்லை.

நேர்முகக் கல்வி இதைவிட மோசம். "இங்க குடு, நான் பண்றேன்" என்பதே தமிழ்நாடெங்கும் வழங்கும் ஒரே கற்பித்தல் முறை. நானும் விடுமுறைக்குப் போனபோதெல்லாம் அதைத்தான் கடைப்பிடித்தேன். மாணவி என் புறங்கையைப் பார்த்தே பாடம் படித்தாள். பேரப்பிள்ளைகள் நம்மைவிடப் பொறுமைசாலிகள் என்றொரு கருத்து நிலவுகிறது. என் மகளுடைய விரல் வேகத்தைப் பார்த்துவிட்டு அம்மா கேட்ட கேள்வி: "இவ எதையாச்சும் தொட்டாளா?"

அகச்சான்றுகள்

எழுதும் முறையிலும் பல சோதனைகள் செய்தோம். ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாறும் முறை முதலில். 'வந்தாச்சு' என்பதற்கு டி மட்டுமா, டி எச்சா என்று கேட்டாள். இரண்டும் சரிதான் என்றேன். இரண்டும் சரியாக இருக்கிற இடத்தில் தான் எழுத முடியாது என்று சொல்லிவிட்டாள். அடுத்து தமிழ்99. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி வந்த விசைப்பலகை. க அடித்து இன்னொரு க அடித்தால் முதல் க தலையில் புள்ளி தானாக விழும். அருமையான ஏற்பாடு. ஆனால் அ ஆ இ ஈ வரிசையாக இல்லாததை அம்மா ஒழுங்கீனமாகக் கருதினாள்.

பேசினால் எழுதிக்கொள்ளும் வசதியைக் கூகுள் 2017 ஆகஸ்டில் தமிழுக்கும் தந்தது. திண்ணையில் உட்கார்ந்து அம்மா அதில் பேசிய முதல் செய்தி என்னிடம் இன்னும் இருக்கிறது: "தம்பி சாப்பிட்டியா அரைக்கீரை சிறுகீரை முளைக்கீரை உடம்பைப் பாத்துக்க". நடுவில் வந்தவர் தெருவில் போன கீரைக்காரம்மா. பாடபேதம் பார்க்கிறவர்கள் இதை இடைச்செருகல் என்று ஒதுக்குவார்கள். நான் ஒதுக்கவில்லை. மூன்று கீரையையும் சாப்பிடச் சொல்வதாக நினைத்து "சரிம்மா" என்று பதில் போட்டுவிட்டேன்.

கடைசியில் திரையில் விரலாலேயே எழுதும் முறையைப் போட்டுக்கொடுத்தேன். அம்மா முகம் தெளிந்தது. வெள்ளைப் பரப்பைப் பார்த்ததும் முதல் வேலையாகப் பிள்ளையார் சுழி போட்டாள். கருவி அதை 'உ' என்று சரியாகவே படித்து, அடுத்து வரக்கூடிய சொற்களை மேலே நீட்டியது: உன், உங்கள், உனக்கு. அம்மா கையை எடுத்துவிட்டாள். "உனக்கு லட்டு அனுப்பிருக்கேன்னுதான் எழுத வந்தேன். இதுக்கு எப்படித் தெரிஞ்சது?" பிள்ளையார் செயல் என்று ஏகமனதாக முடிவாயிற்று. அன்று முதல் வரும் எல்லாச் செய்தியும் 'உ'வில்தான் தொடங்குகின்றன. ஒரே சொல் பதிலுக்கும் அப்படியே: "உ சரி".

மெசேஜைக் கடிதமாக எழுதக் கூடாது என்று ஆசிரியர் தரப்பில் பலமுறை வலியுறுத்தப்பட்டது. "நலம், நலமறிய ஆவல்" என்பதை விடச் சம்மதித்தாள். "இப்படிக்கு, அம்மா"வை விடவில்லை. அனுப்பியவர் பெயர்தான் மேலேயே தெரிகிறதே என்றேன். "அது உன் போன்ல நீ போட்டுக்கிட்ட பேரு. இது நான் போடுற கையெழுத்து." இந்த வாதத்தைப் பல நாள் புரட்டிப் பார்த்தேன். ஓட்டை இல்லை.

அம்மாவின் தலைமுறை எழுதப் பழகிய தாள் 1950இல் வந்த நீல நிற இன்லண்ட் லெட்டர். உள்ளே இடம் தீர்ந்ததும் மடிப்பில் எழுதுவார்கள், அதன் பிறகு ஓரத்தில், எழுத்தைச் சாய்த்து. முக்கியமான சேதி ஓரத்தில்தான் இருக்கும். பக்கம் முழுக்க மழையும் மாடும் நலம் விசாரிப்பும். ஓரத்தில், "கிழக்குக் காட்டை விற்றாச்சு". வாட்ஸ்அப்புக்கு ஓரம் இல்லை. ஆகவே அம்மாவின் முதல் செய்தியைப் படித்துவிட்டுப் போனை வைத்துவிடக் கூடாது என்று கற்றுக்கொண்டேன். ஒரு மணி நேரம் கழித்து "உ மறந்துட்டேன்" என்று இன்னொன்று வரும். சேதி அதில் இருக்கும்.

மாமா என்னும் புறச்சான்று

பெரிய மாமா 1963இல் தந்தி ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தவர். மார்ஸ் சாவியில் ஊர்ப்பட்ட கல்யாணத்தையும் கருமாதியையும் அடித்தவர். 2013 ஜூலை 14ஆம் தேதி இரவோடு நாட்டில் தந்தி நின்றது. அன்று மாமா சாப்பிடவில்லை என்று அத்தை சொல்வார். வயிறு சரியில்லை என்று மாமா சொல்வார்.

நான் முதன்முதலில் நோக்கியா வாங்கியிருந்த காலம். மெசேஜ் வந்தால் "பிபிபி பீ பீ பிபிபி" என்று ஓர் ஒலி வரும். சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமா கையை இலையிலேயே வைத்துக்கொண்டு, "யாரு எஸ்எம்எஸ் எஸ்எம்எஸ்னு அடிக்கிறான்?" என்றார். அவருக்கு அந்தச் சொல்லே அதுவரை தெரியாது. மூன்று புள்ளி, இரண்டு கோடு, மூன்று புள்ளி. மார்ஸ் குறியீட்டில் அது எஸ், எம், எஸ். நோக்கியாக்காரர்கள் அதைத்தான் ஒலியாக வைத்திருந்தார்கள். பல வருடம் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்த எனக்கு அது வெறும் பிபிபி.

அப்படிப்பட்டவர் மெசேஜ் அனுப்பக் கற்றுக்கொள்ள ஒரே ஒரு தடை இருந்தது. "எவ்வளவு எழுதினாலும் ஒரே காசா?" என்று மூன்று முறை கேட்டார். ஆமாம் என்று மூன்று முறை சொன்னேன். நம்பவில்லை. இன்றுவரை தந்திக் கணக்கில்தான் எழுதுகிறார்: "சேர்ந்தேன். முழங்கால் வலி. தைலம் அனுப்பு." நான் ஒருமுறை, "சரி மாமா, கண்டிப்பா நாளைக்கே வாங்கி அனுப்பி வைக்கிறேன், உடம்பைப் பார்த்துக்கங்க" என்று எழுதினேன். "11 வார்த்தை. 'அனுப்புகிறேன்' போதும்" என்று திருத்தி அனுப்பினார். எண்ணிப் பார்த்தேன், 9தான். இடைநிறுத்தக் குறிகளுக்கும் கட்டணம் போட்டிருக்கிறார் போலிருக்கிறது.

காலை வணக்கப் படங்கள் அவருக்கு ஆகாது. இந்தியர்கள் விடியலில் அனுப்பிக்கொள்ளும் பூவும் சூரியனும் போன்களின் இடத்தை அடைத்துக்கொள்வதைக் கூகுள் ஆய்வாளர்கள் கண்டறிந்ததாக 2018 ஜனவரியில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது. மாமாவுக்கு அடைப்பது போன் அல்ல, நெஞ்சு. விடிகாலை ஐந்து மணிக்குச் சேதி வந்தால் யாரோ போய்விட்டார்கள் என்றுதான் அவர் உத்தியோகத்தில் அர்த்தம். கைகாலைக் கழுவிக்கொண்டு வந்து திறந்தால் ரோஜாப் பூ.

இவர் ஒரு தை மாதம் அம்மா வீட்டுக்கு வந்து தங்கினார். நானும் போயிருந்தேன். கூடத்தில் பாடம் நடந்துகொண்டிருந்தது. நான் நூற்றுமுப்பதாவது தடவையாக "லேசாத் தொடும்மா" என்று சொல்ல, அம்மா பயபக்தியோடு விரலை வைத்து அளபெடுத்துக்கொண்டிருந்தாள்.

"தள்ளு" என்றார் மாமா. நான் தள்ளினேன்.

"என்னத்தா இந்த அழுத்து அழுத்துற? இது கோடு. அவன் கேக்குறது புள்ளி."

"எனக்குத் தந்தி பாஷை தெரியாதுண்ணே."

மாமா கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்தார். காலையில் போட்ட கோலம் பாதி மிதிபட்டுக் கிடந்தது.

"கோலத்துக்குப் புள்ளி எப்படி வைப்ப?"

அம்மாவுக்குக் கேள்வியே சிரிப்பாக இருந்தது. வெறுங்கையில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துப் பிடித்து, தரைக்குக் கொண்டுபோய், மாவை விடுகிற கணத்தில் கையை மேலே எடுத்துக் காட்டினாள். எடுத்த கை அடுத்த புள்ளிக்கான இடத்துக்கு மேல் போய் நின்றது.

"கையை எடுக்காம அங்கேயே வச்சிருந்தா?"

"புள்ளி அப்பிக்கும்ல?"

"அவ்வளவுதான். இதுலயும் அப்பாம வையி."

அம்மா திரையைப் பார்த்தாள். வைத்தாள், எடுத்தாள். என் சட்டைப்பையில் போன் அடித்தது.

இதன் மேல் சில விளக்கங்கள். நான் இரண்டு வருடமாகச் சொல்லிவந்த 'லேசு' என்பது பலத்தைப் பற்றிய சொல். திரை கேட்டதோ நேரத்தை. அம்மா லேசாகத்தான் தொட்டிருக்கிறாள், பாவம், லேசாகத் தொட்டு ரொம்ப நேரம் வைத்திருந்தாள். 'அப்பாம வை' என்பதில் நேரம் இருக்கிறது. மேலும், மார்ஸ் முறையில் ஒரு கோட்டின் நீளம் மூன்று புள்ளி. உயிரளபெடைக்கு நம் இலக்கணத்தில் மூன்று மாத்திரை. மார்ஸின் கோடு தமிழின் அளபெடையே என்பது இதனால் பெறப்படும். இதை மாமாவிடம் சொன்னேன். "சாப்பிடப் போ" என்றார்.

மாலை

தூது போகிறவர் சும்மா திரும்பக் கூடாது. தலைவனிடம் மாலை வாங்கி வர வேண்டும், சேதி சேர்ந்ததற்கு அதுவே அடையாளம். வாட்ஸ்அப்பில் 2014 நவம்பர் முதல் மாலைக்குப் பதிலாக இரண்டு நீலக் குறி தருகிறார்கள். அம்மாவுக்கு இதைப் பாடமாக நடத்தியது என் ஆய்வு வாழ்க்கையின் பெரிய பிழை. அதுவரை நிம்மதியாக இருந்தேன். இப்போது, ஆபீஸ் மீட்டிங்கில் படித்துவிட்டுப் பதில் போடாமல் வைத்தால், பத்து நிமிடத்தில் அடுத்தது வருகிறது: "உ நீலம் ஆயிருச்சு. இப்படிக்கு அம்மா".

அந்தக் குறியை வராமல் நிறுத்திவைக்கவும் வழி உண்டு. மாமாவுக்கு அது தெரிந்தால் தபால்காரன் கையெழுத்து வாங்காமல் போனதற்குச் சமம் என்பார். ஆகவே செய்யவில்லை.

பின்னிணைப்பு

கட்டுரையை முடித்து அனுப்ப இருந்த வாரத்தில் புதிய தரவு கிடைத்தது. ஒருநாள் இரவு அம்மாவிடமிருந்து ஒரே ஒரு புள்ளி வந்தது. பிள்ளையார் சுழி இல்லை, கையெழுத்து இல்லை. வெறும் புள்ளி. பயந்துபோய் அழைத்தேன். நன்றாகத்தான் இருக்கிறாள். மாமாவும் அவளுமாக ஒரு கணக்கு வைத்துக்கொண்டிருக்கிறார்களாம். ஒரு புள்ளி என்றால் சாப்பிட்டாச்சு. இரண்டு என்றால் மாத்திரை போட்டாச்சு. மூன்று, கதவைப் பூட்டிவிட்டுப் படுக்கப் போகிறேன். நான்கு, கரண்ட் இல்லை. ஐந்து, நாளைக்குக் கூப்பிடு, இப்போது நாடகம் ஓடுகிறது. ஆறு, விசேஷம் ஒன்றுமில்லை. "எதுக்கு இத்தனை எழுதணும்? அண்ணன் சொன்னதும் சரிதானே" என்றாள்.

நான் அகராதி ஒன்று எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். போன செவ்வாய்க்கிழமை ஏழு புள்ளி வந்தது. ஏழுக்கு அகராதியில் பொருள் இல்லை. அம்மா எடுக்கவில்லை, நாடக நேரம். மாமாவை அழைத்தேன்.

"ஏழா? சரியா எண்ணுனியா?"

மறுபடி எண்ணினேன். ஏழுதான்.

"அப்ப அது உனக்கு இல்ல" என்றார். "எனக்கு வர வேண்டியது. ஆளை மாத்தி அனுப்பிட்டா." வைத்துவிட்டார்.